தாத்தாவின் ஆல்பத்தில் ஏழு அந்தமான் படங்கள்: இவற்றை எப்படிப் படிப்பது, யாருக்குக் காட்டுவது?

கேள்வி: மரத்தூள்

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழித் தாத்தா 1951 முதல் 1968 வரை போர்ட் பிளேரில், சாத்தம் மர அறுவை ஆலையில் கணக்கராக இருந்தார். அவர் விட்டுச் சென்ற கறுப்புத்தாள் ஆல்பம் ஒன்று அம்மாவின் மறைவுக்குப் பிறகு என்னிடம் வந்திருக்கிறது. அதில் பெரும்பாலானவை ஆலையும் துறைமுகமும் உடன் வேலை செய்தவர்களுமாக, அவரே எடுத்த படங்கள். கடைசிப் பக்கங்களில் மட்டும் அவர் எடுத்திருக்க முடியாத ஏழு பழைய படங்கள் உள்ளன. அவற்றின் மேல் பென்சிலால் "ஏலத்தில் வாங்கியது, 1957" என்று எழுதியிருக்கிறார். வேறு குறிப்பு எதுவும் இல்லை.

முதல் படத்தில் ஒரு பங்களா தாழ்வாரத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பதினொரு அந்தமான் மக்கள் வெள்ளைத் துணி உடுத்தி, சிலர் உட்கார்ந்தும் சிலர் நின்றும் இருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் இளைஞர் ஒருவர் உடையின்றி நிற்கிறார். அதே தாளில் பக்கத்திலேயே அவருடைய பக்கவாட்டுத் தோற்றமும் இருக்கிறது. மூன்றாவதில் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து மண்டையோடு ஒன்று கயிற்றில் தொங்குகிறது. நான்காவதில் வயதான ஒருவர் உடல் முழுவதும் வெளிறிய எதையோ பூசிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஐந்தும் ஆறும் வில் செய்யும் ஒருவரை அடுத்தடுத்த நிலைகளில் காட்டுகின்றன. ஏழாவது மிகவும் மங்கிவிட்டது; ஆறு பேர் வரிசையாக நிற்பது மட்டும் தெரிகிறது.

இவை எந்தக் காலத்தவை, யார் எடுத்திருக்கக்கூடும், எந்தச் சூழலில் எடுத்தார்கள் என்று அறிய விரும்புகிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு. என் மகன் இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் அனைவரும் பார்க்கும்படி போட வேண்டும் என்கிறான். நான் தயங்குகிறேன். அந்த இளைஞர் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று அப்பால், திரைக்கு வெளியே நிற்கும் யாரையோ பார்ப்பது போலிருக்கிறது. அந்தப் பார்வையைக் கண்ட பிறகு, இதை ஊருக்குக் காட்டும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தோன்றிவிட்டது. இந்தத் துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடு

அம்மா, நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் ஏழு படங்களும் ஒரே காலத்தவையாக இருக்க வாய்ப்பில்லை. அந்தமானில் கேமரா நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால், எந்தப் படம் அதில் எங்கே பொருந்தும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

1857-இன் இறுதியில், கைதிகளைக் குடியேற்றத் தகுந்த இடம் தேடி மருத்துவர் பிரெடரிக் மௌவட் தலைமையில் ஒரு குழு 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில் அந்தமானுக்குச் சென்றது. மல்லித் என்ற பிரெஞ்சுப் படப்பிடிப்பாளரும் உடன் சென்றார். தீவுவாசிகளுடன் நடந்த ஒரு மோதலின்போது குழுவினர் ஒருவரைப் பிடித்து, 'ஜாக்' என்று பெயர் சூட்டிக் கல்கத்தாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே கூட்டம் கூட்டமாக மக்கள் அவரைப் பார்க்க வந்தார்கள், அவரைப் படமும் எடுத்தார்கள். அவர் கடுமையாக நோயுற்றபின் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய சொந்தப் பெயர் எந்தப் படத்துடனும் வந்து சேரவில்லை.

1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் போர்ட் பிளேர் குடியேற்றம் தொடங்கியது. 1863-இல் கோர்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' அமைக்கப்பட்டது. தீவு மக்களை உணவும் உடையும் கொடுத்து ஓரிடத்தில் வைத்திருப்பதும், அவர்கள் மூலம் மற்றவர்களை இணங்கச் செய்வதும் அதன் நோக்கம். பெயரில் இல்லம் என்று இருந்தாலும், விரும்பியபோது வெளியேற முடியாத இடமாகவே தொடக்கத்தில் அது இருந்தது. கோர்பினுக்குப் பின் பொறுப்பேற்ற ஹோம்ஃப்ரே தம்முடன் சிலரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1865-இல் சாஷே மற்றும் வெஸ்ட்ஃபீல்டு என்ற படப்பிடிப்பு நிலையத்தார் அவரையும் அவர்களையும் ஒரே சட்டகத்தில் வைத்து எடுத்த படம் இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது. நடுவில் அதிகாரி அமர, சுற்றிலும் 'அவருடைய' அந்தமானியர் நிற்கும் இந்த அமைப்பு பின்னர் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் முதல் படம் அந்த மரபைச் சேர்ந்தது. நாற்காலியில் இருப்பவர் யார் என்று பெயர் சொல்ல, அந்தப் படத்தில் இன்னும் ஏதாவது அடையாளம் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது படத்தின் கட்டத்திரைக்கு வேறு வரலாறு உண்டு. 1869-இல் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பிரிட்டிஷ் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட இனங்களை எல்லாம் உடையின்றி, அளவுகோல் ஒன்றின் அருகில் நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுக்க வேண்டும் என்று குடியேற்ற நாடுகளுக்கு அறிவுறுத்தும் திட்டம் ஒன்றை வகுத்தார். அதே ஆண்டு ஜான் லாம்ப்ரே, பட்டுநூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்டிய சட்டத்திற்கு முன் ஆளை நிறுத்தும் முறையை வெளியிட்டார். உடல்களைக் கட்டத்தை எண்ணி ஒப்பிடலாம் என்பது எண்ணம். அந்தமானில் இம்முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் மாரிஸ் விடால் போர்ட்மன். 1879-இல் அந்தமானியர்களுக்குப் பொறுப்பான அதிகாரியான இவர், 1890-களின் முற்பகுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காகப் பல தொகுதிகள் கொண்ட படவரிசை ஒன்றைத் தயாரித்தார். ஒவ்வொருவரின் உடல் அளவுகளும் அட்டவணைகளாக அதனுடன் சென்றன. 1896-இல் அவர் மானுடவியலாளர்களுக்காக எழுதிய கட்டுரையில், ஆள் முழு நிர்வாணமாக இருக்க வேண்டும், இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டிய பின்திரையைத் தொட்டபடி நிற்க வேண்டும், அழகான ஒளியமைப்பு தேவையில்லை, துல்லியமே தேவை என்று அறிவுரை கூறுகிறார்.

இங்கே நான் நெடுநாளாக எண்ணிப் பார்க்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லத்துக்கு வந்தவர்களுக்கு, நாகரிகம் கற்பிப்பதாகச் சொல்லி முதலில் துணி உடுத்தினார்கள். அறிவியல் படம் என்று வந்தபோது அதே துணியைக் களையச் சொன்னார்கள். உங்கள் ஆல்பத்தில் முதல் படமும் இரண்டாம் படமும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் உடுத்துவதும் களைவதும் படமெடுக்கப்பட்டவர் கையில் இல்லை என்பதை அவை சேர்ந்து காட்டுகின்றன.

ஐந்தாம், ஆறாம் படங்கள் எனக்கு மிகுந்த ஆர்வத்தைத் தருகின்றன. போர்ட்மன் வில் செய்தல், வாய்ச்சி செய்தல் போன்ற வேலைகளைப் படிப்படியாக நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தார். வில்லின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு கைகளும் அகலமாகத் தட்டையாக, மொத்தத்தில் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல வளைந்திருந்தால் அது இத்தீவுகளின் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான கிரேட் அந்தமானியர்களின் வில். வளைவு எளிமையாக இருந்தால் இங்குள்ள வேறு பழங்குடிகளான ஓங்கே அல்லது ஜாரவா மக்களுடையதாக இருக்கலாம்.

போர்ட்மனைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1880-இல் இவர் வட சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய இணையரையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அனைவரும் விரைவில் நோயுற்றார்கள், முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப்பொருள்களுடன் திரும்ப விடப்பட்டார்கள். வெளியாரோடு ஏற்பட்ட தொடர்பு இம்மக்களுக்குத் தீங்கைத் தவிர வேறெதையும் தரவில்லை என்று பின்னாளில் அவரே வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். அதற்குள் 1877-இல் பரவிய தட்டம்மையும் குடியேற்றத்திலிருந்து தொற்றிய மேகநோயும் கிரேட் அந்தமானியரில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தன. 1858-இல் சில ஆயிரம் பேராக மதிப்பிடப்படும் அவர்கள், 1901 கணக்கெடுப்பில் 625, 1931-இல் 90, 1961-இல் 19. உங்கள் தாத்தா சாத்தமில் பணியாற்றிய காலத்தில்தான் அந்த 19 என்ற எண் பதிவானது.

மறுமொழி: இருட்டறை

வரலாற்றை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் முப்பது ஆண்டுகள் படச்சுருள் கழுவி அச்சிட்டவன் என்பதால் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால், அது புத்தகத்திலோ இதழிலோ அச்சிடப்பட்டு வெட்டப்பட்டது, புகைப்படம் அல்ல. புள்ளிகள் இல்லாமல், மெல்லிய பளபளப்பின் ஊடாகத் தாளின் நார்கள் தெரிந்து, வெளிர் பகுதிகள் மஞ்சளாகியிருந்தால், அது முட்டை வெண்கருவில் தயாரித்த அல்புமின் தாள். அப்படியானால் பெரும்பாலும் 1895-க்கு முந்தையது என்று கொள்ளலாம். நார்களே தெரியாமல், இருண்ட பகுதிகளின் ஓரங்களில் வெள்ளிப் பாதரசம் போல மினுக்கம் படிந்திருந்தால் அது ஜெலட்டின் தாள், அதாவது பிற்காலத்தது. பளபளப்பே இல்லாமல், சித்திரத்தாளில் கரியால் வரைந்தது போல உருவம் தாளுக்குள்ளேயே ஊறியிருந்தால் அது பிளாட்டினம் அச்சு. பிளாட்டினம் மங்குவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் அதை எதிர்கொண்டிருக்கும் தாளில் அந்தப் படத்தின் வெளிறிய நிழல் ஒன்று பழுப்பாகப் படியும். உங்கள் ஆல்பத்தின் தாள் கறுப்பு என்பதால் நிழல் தெரிவது கடினம். இடையில் மெல்லிய தாள் ஏதேனும் செருகப்பட்டிருந்தால் அதைப் பாருங்கள்.

நான்காம் படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் படமெடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பை அவை உணரவே இல்லை. சிவப்பு நிறம் படத்தில் கறுப்பாகவே விழும். அந்தமான் மக்கள் செங்காவியைக் கொழுப்புடன் குழைத்துப் பூசிக்கொள்வார்கள், வெண்களிமண்ணால் நுணுக்கமான கோலங்களும் தீட்டிக்கொள்வார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் வெண்மண் கோலம் படத்தில் பளிச்சென்று தெரியும், செங்காவி மட்டும் கருந்தோலுடன் கலந்து காணாமல் போயிருக்கும். ஆகவே படத்தில் ஒருவர் ஒன்றும் பூசாமல் நிற்பதாகத் தெரிந்தால், உண்மையிலேயே பூசவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் தலைமுதல் கால்வரை சிவந்து நின்றிருக்கலாம். அந்தச் சிவப்பை நாம் இழந்துவிட்டோம்.

அதேபோல முகங்கள் இறுகியிருப்பதை வைத்துக் குணத்தையோ மனநிலையையோ எழுதிவிட வேண்டாம். தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படமெடுத்த ஈரத்தகட்டுக் காலத்தில் சில விநாடிகள் அசையாமல் இருந்தாக வேண்டும். நம் வீடுகளில் உள்ள கொள்ளுத்தாத்தா படங்களிலும் அதே இறுக்கம் உண்டு.

ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வைக்காதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் இல்லாத அலமாரியில் வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்: மரத்தூள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணாடி வாங்கி வந்து ஒரு முழு மாலை பார்த்தேன்.

கட்டத்திரை இளைஞரின் படத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஏதோ நூலிலிருந்து வெட்டி ஒட்டியது. மண்டையோடு அணிந்த பெண்ணின் படமும் அப்படியே. முதல் படத்திலும் ஏழாவதிலும் நார்கள் தெரிகின்றன, மஞ்சள் ஏறியிருக்கிறது. வில் செய்பவரின் இரண்டு படங்களிலும் பளபளப்பே இல்லை. அவற்றுக்கு எதிரே தாத்தா செருகி வைத்திருந்த எண்ணெய்த்தாள் போன்ற மெல்லிய தாளில், குனிந்து அமர்ந்த ஒருவரின் மங்கலான உருவம் திரும்பிய நிலையில் படிந்திருப்பதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக அதை ஏதோ கறை என்று நினைத்திருந்தோம். வில், நீங்கள் சொன்னபடியே இரு திசையில் வளைகிறது. நான்காம் படம் மட்டும் எந்த வகை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மறுமொழி: தென்முனை

நான் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டுவிட்டாலும் பழகிய பெயரையே எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது யாருக்குக் காட்டுவது என்பதற்கு, என்னால் இயன்றதைச் சொல்கிறேன். அதற்கு முன் நான்காம், மூன்றாம் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உடல் முழுவதும் வெளிறிய மண் பூசிய முதியவர் பெரும்பாலும் துக்கம் காப்பவர். கிரேட் அந்தமானியர்களிடையே நெருங்கிய உறவினர் இறந்தால் 'ஓடு' எனப்படும் களிமண்ணை உடலெங்கும் பூசிக்கொள்வார்கள். துக்கம் காப்பவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைக்காமல், அந்த மண்ணின் பெயரை ஒட்டி 'அகா-ஓடு' என்றே குறிப்பிடுவார்கள். இறந்தவருடைய பெயரையும் துக்கம் முடியும்வரை உச்சரிக்க மாட்டார்கள். 1906 முதல் 1908 வரை அங்கே தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இது தெரியாமல் இத்தகைய படங்களின் கீழே 'உடல் அலங்காரம்' என்று எழுதிவைத்தவர்கள் பலர். எவருடைய மரணத்துக்காகவோ மண் பூசி அமர்ந்த மனிதரை அலங்காரம் செய்துகொண்டவராகக் காட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்று எண்ணிப் பாருங்கள்.

மண்டையோட்டுப் படமும் அப்படித்தான். இறந்தவரைப் புதைத்துச் சில மாதங்கள் கழிந்தபின் எலும்புகளை எடுத்துக் கழுவி, மண்டையோட்டுக்குச் செங்காவி தீட்டி, உறவினர்கள் கழுத்தில் அணிந்துகொள்வார்கள். கணவனையோ குழந்தையையோ விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள் செய்யும் செயல் அது. ஐரோப்பிய நூல்களில் அந்தமானியர் நரமாமிசம் உண்பவர்கள் என்ற கட்டுக்கதை பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. அதைப் படித்துப் பழகிய கண்கள் இந்தப் படங்களைப் பார்த்தபோது என்ன நினைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களிடமுள்ள பிரதி நூலிலிருந்து வெட்டப்பட்டது என்பதால், அந்தப் படம் ஏற்கெனவே அத்தகைய வாசகர்களிடம் சென்றுவிட்ட ஒன்றுதான்.

இப்போது இன்றைய நிலை. இங்குள்ள பழங்குடிகளைக் காக்க 1956-இல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அவர்களுடைய காப்பிடங்களுக்குள் நுழைவதும் அவர்களைப் படமெடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனாலும் அந்தமான் பெருவழிச் சாலையில் செல்லும் வண்டிகளிலிருந்து ஜாரவா மக்களைப் படமெடுப்பது நெடுங்காலம் நடந்துவந்தது. உணவு கொடுத்து ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ ஒன்று 2012 தொடக்கத்தில் வெளியாகி நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. போர்ட்மன் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார், இவர்கள் கைபேசியைக் கொண்டுபோனார்கள். எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு இரண்டு காலத்திலும் எழவில்லை.

சட்டம் தடுப்பது இன்று வாழ்பவர்களைப் போய்ப் படமெடுப்பதை. உங்கள் கையில் இருப்பது வேறு வகை. ஆனால் படத்தில் இருப்பவர்கள் பேரப்பிள்ளைகள் இல்லாதவர்கள் அல்லர். 19-ஆகக் குறைந்த கிரேட் அந்தமானியர்கள் 1969-70 வாக்கில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 44 பேர். அவர்களில் சிலர் போர்ட் பிளேரில் வேலை பார்க்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். நான் அவர்களைக் கடைத்தெருவில் பார்த்து வளர்ந்தவன். அவர்களுள் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவை நிர்வாணமாகக் கட்டத்திரைக்கு முன்னால் நிற்கும் நிலையில் இணையத்தில் முதன்முறையாகப் பார்க்க நேர்வதை நான் விரும்ப மாட்டேன். உங்கள் தாத்தாவின் படமாக இருந்தால் நீங்களும் விரும்ப மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி: நெய்தற்கரை

தென்முனை சொல்வதில் உள்ள கனிவை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் இடத்தில் மாறுபட வேண்டியிருக்கிறது.

இப்படங்களை மூடி வைப்பது யாருக்கு உதவும்? போர்ட்மனின் அசல் தொகுதிகள் லண்டனில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள், நூல் எழுதுகிறார்கள். ஸ்ட்ரெய்ட் தீவில் இருப்பவர் பார்க்க வேண்டுமானால் கடல் கடந்து போக வேண்டும். 2010 ஜனவரியில் போவா மூதாட்டி காலமானார். அவரோடு, கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசும் கடைசிக் குரலும் போய்விட்டது. தம் மொழியில் பேச ஒருவர்கூட இல்லாமல் அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அத்தகைய இழப்புக்குப் பிறகு, வில்லின் வளைவை எப்படிச் செதுக்கினார்கள் என்று காட்டும் இரண்டு படங்கள் எவ்வளவு பெரிய செல்வம்! எடுத்தவரின் நோக்கம் இழிவானது என்பதற்காக, வில் செய்தவரின் கைத்திறனையும் சேர்த்துப் பெட்டிக்குள் பூட்டிவிடக் கூடாது. அந்தக் கை போர்ட்மனுக்குச் சொந்தமானதல்ல.

மறுமொழி: ஏட்டுச்சுவடு

நெய்தற்கரை சொல்வதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஏழு படங்களையும் ஒன்றாக வைத்து 'காட்டலாமா, கூடாதா' என்று கேட்பதால்தான் இருவரும் எதிரெதிரே நிற்பது போலத் தோன்றுகிறது.

வில் செய்பவர் தாம் தேர்ந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நிலைகளை நிறுத்தி நிறுத்தி எடுத்திருந்தாலும் அந்த வேலை அவருடையது. கட்டத்திரை இளைஞர் அங்கே எதையும் செய்யவில்லை, அவரை நிறுத்தி அளக்கிறார்கள். துக்கம் காப்பவர் படம் எடுக்கப்படாவிட்டாலும் அந்த மண்ணைப் பூசிக்கொண்டு அமர்ந்திருப்பார். இம்மூன்றையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. எடுத்தவருடைய நோக்கம் படத்தின் எல்லா மூலைகளையும் ஆள்வதில்லை என்பது உண்மை. சில படங்களில் ஏறத்தாழ முழுவதையும் ஆண்டுவிடுகிறது என்பதும் உண்மை.

படமெடுத்தவர் யார் என்பதைச் சொல்வதும் முக்கியம். 1950-களின் தொடக்கத்தில் ஓங்கே மக்களை ஆராய்ந்து படமெடுத்த இத்தாலிய மானுடவியலாளர் லிடியோ சிப்ரியானி, 1938-இல் இத்தாலியில் வெளியான இனவாத அறிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். அவருடைய ஓங்கே படங்கள் கனிவாகத் தோன்றுகின்றன. இரண்டையும் அறிந்து பார்ப்பவருக்கும், படத்தை மட்டும் பார்ப்பவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல.

நடைமுறையில், போர்ட் பிளேரில் இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழங்குடி நலனுக்கென 1976-இல் தொடங்கப்பட்ட அந்தமான் ஆதிம் ஜனஜாதி விகாஸ் சமிதியும் இருக்கிறது. இவற்றின் வழியாக ஸ்ட்ரெய்ட் தீவில் உள்ளவர்களுக்கு முதலில் பிரதிகள் போய்ச் சேர வழி கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். 1957 முதல் ஆல்பத்தில் இருந்தவை இன்னும் சில மாதங்கள் இருக்கட்டும். பிளாட்டினம் அச்சுகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தொகுப்புடன் ஒப்பிடாமல் 'போர்ட்மன் எடுத்தது' என்று எழுதிவிட வேண்டாம். 'போர்ட்மன் முறையை ஒத்தது' என்பதே இப்போதைக்கு நேர்மையான குறிப்பு.

கேள்வி கேட்டவர்: மரத்தூள்

மகனுடன் அமர்ந்து எல்லா மறுமொழிகளையும் படித்தேன். கட்டத்திரைப் படத்தை இணையத்தில் போடுவதில்லை என்று அவனே சொன்னான். வில் படங்கள் இரண்டையும் துக்கம் காப்பவரின் படத்தையும் ஸ்கேன் செய்து, இங்கே நீங்கள் கூறிய விளக்கங்களுடன் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். அங்கிருந்து பதில் வரும்வரை எதையும் வெளியிடப் போவதில்லை.

கண்ணாடி கையில் இருந்ததால் முதல் படத்தை மறுபடியும் பார்த்தேன். தாழ்வாரத்தின் வலக்கோடியில், தூணின் நிழலில், இதுவரை எங்கள் கண்ணில் படாத பன்னிரண்டாவது ஆள் ஒருவர் நிற்கிறார். அவர் அந்தமானியர் அல்லர். தலையில் துணி கட்டியிருக்கிறார், இடுப்பில் ஒரு குழந்தையை வைத்திருக்கிறார், குழந்தை அந்தமான் குழந்தை. அவர் கழுத்தில் வளையம் போன்ற ஒன்றும், அதிலிருந்து சிறு பலகை போன்ற ஒன்றும் தொங்குகின்றன. அவர் யாராக இருக்கலாம்?

மறுமொழி: ஏட்டுச்சுவடு

அம்மா, அது கழுத்துச் சீட்டாக இருக்க வேண்டும். அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளுக்குக் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டி, அதில் கைதி எண்ணும் தண்டனை விவரமும் பொறித்த மரச்சீட்டு ஒன்றைத் தொங்கவிடுவது வழக்கம். அந்தமான் இல்லங்களில் காவலுக்கும் ஏவலுக்கும் கைதிகளையே அமர்த்தினார்கள். நோய்கள் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. அக்கைதிகள் வங்காளம், பஞ்சாப், சென்னை மாகாணம் எனப் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே அந்தப் படத்தில் நாற்காலியில் இருப்பவரைத் தவிர மற்ற அனைவருமே தாமாக அங்கே வந்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

அச்சு அல்புமின் என்பதால் நுணுக்கங்கள் நன்றாகவே பதிந்திருக்கும். அந்த மூலையை மட்டும் அங்குலத்துக்கு 2400 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து பாருங்கள். சீட்டில் எண் ஒன்று தெரிந்தால், ஓர் இலக்கம் மட்டும் தெரிந்தாலும், இங்கே எழுதுங்கள்.